இடப்பக்கத்து நரம்பு

வேண்டாம் என்று சொன்னது நான்தான். அக்காவைக் கேட்கவில்லை. அவள் வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மருந்துப் பை, பைமேல் இரண்டு கையும். உள்ளே டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் கழுத்தையும் நெஞ்சையும் வரைந்து, காதுக்குக் கீழிருந்து ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். 2022 ஆகஸ்ட். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இத வச்சா பாட முடியுமா டாக்டர்?"

பேனாவை நிறுத்தினார். "குரல் கொஞ்சம் கரகரப்பாயிடும். நெறைய பேருக்கு ஆகுது" என்றார்.

"அப்ப வேண்டாம்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து, "மருந்த மாத்தியிருக்காங்க, வா அக்கா, பசியாறப் போவோம்" என்றேன். அவள் எழுந்து வந்தாள். அந்த நாட்களில் எழு என்றால் எழுவாள், உட்கார் என்றால் உட்காருவாள்.

கிள்ளானுக்கு வெளியே ஒரு பால்மரத் தோட்டம்தான் எங்களுக்கு ஊர். அப்பா மண்டோர், அதாவது கங்காணி. அம்மா விடியுமுன் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவாள். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்கா. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பெரியவர் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தார். இருபது பிள்ளைகள் போனோம். சுண்டலுக்காகப் போனவர்கள் சுண்டல் நின்றதும் நின்றோம்; தங்கியது அக்கா ஒருத்தி. ஒவ்வொரு பதிகத்துக்கும் பண் பெயர், எங்கே இழுப்பது, எங்கே மூச்சு விடுவது எல்லாவற்றையும் அவர் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார். தோட்டம் விற்கப்பட்டு, வீட்டு மனையாகி, லயத்துச் சனம் திசைக்கொன்றாகப் போனபோது நாங்கள் பாத்திரங்களில் பாதியை விட்டுவிட்டு வந்தோம். அந்த நோட்டுப் புத்தகத்தை அக்கா தலையணை உறைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அவள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஆனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமய வகுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது அவள் விஷயம். நான் ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டராகச் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தேன். அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. அது 2001 இல்தான் வந்தது. தண்டவாளத்துக்காரர்கள் குடியிருந்த நூறு குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக நின்ற காலம். இன்றைக்கு அதுவும் இல்லை. சிக்னல் வேலை எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. விளக்கு எரியவில்லையா, கம்பியைத் தொடர்ந்து நட. எங்காவது ஓரிடத்தில் எலி கடித்திருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும், ஸ்க்ரூ லூசாகியிருக்கும். இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அக்காவின் நோயையும் பல வருடம் நான் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்: எந்த இடம், என்றைக்கு, யார் செய்தது.

முதல்முறை வந்தது 1998 இல். மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்து, கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டும் தெருவில் ஆர்ப்பாட்டமும் நடந்த வருடம். அக்கா பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். அழவில்லை, அழுதிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து வைப்பாள், வாய்க்குப் போகாது. "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க" என்று அம்மா பந்திங் பக்கம் ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போனாள். எலுமிச்சை, சேவல், அறுநூறு வெள்ளி. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பேராவில் தஞ்சோங் ரம்புத்தான் என்று ஓர் ஊர். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை. ஊரின் பெயரே வசவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒருவனைக் கேலி செய்ய வேண்டுமென்றால் "நீ தஞ்சோங் ரம்புத்தான்" என்போம். மருத்துவமனையின் பெயரோ பஹாகியா. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள்.

கடைசியில் தலைமையாசிரியைதான் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். மனச்சோர்வு என்று சொல்லி ஃப்ளுவாக்செட்டீன் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அக்கா திரும்பி வந்தாள். 2009 இல் மறுபடி. செர்ட்ராலின், ஐந்து மாதம். 2019 இல் அம்மா போனாள். அதற்குப் பின் வந்தது எந்த மருந்துக்கும் மசியவில்லை. வென்லாஃபாக்சின், மிர்ட்டாசபின், மேலே லித்தியம். ஒவ்வொன்றையும் ஏற்றி, ஆறு வாரம், எட்டு வாரம் பார்த்து, இறக்கி, அடுத்ததற்குப் போக வேண்டும். அக்கா பத்து கிலோ கூடினாள், வாய் வறண்டது, கை நடுங்கியது. நோய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடத்தி 2006 இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே முழுக்கத் தெளிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு மருந்தாகத் தோற்கத் தோற்க அடுத்தது பலிக்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போனது. இது தெரிந்திருந்தால் அந்த இரண்டு வருடம் அவளை, "நீ மனசு வைக்கணும் அக்கா" என்று நச்சரித்திருக்க மாட்டேன்.

2020 மார்ச் 18 அன்று நாட்டைப் பூட்டினார்கள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில், அவள் தாமான் ஸ்ரீ மூடாவில். நடுவில் முப்பது கிலோமீட்டருக்குக் குறைவு. பத்து கிலோமீட்டர் தாண்டக் கூடாது என்றார்கள். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகள் மூடிக் கிடந்தன. மல்லிகை வாசம் இல்லாத பிரிக்ஃபீல்ட்ஸை அப்போதுதான் பார்த்தேன். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். எடுப்பாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் பேசுவேன்: அரிசி விலை, மாடிவீட்டுக்காரர் சண்டை, எதையாவது. பத்து நிமிடம் கழித்து, "வைக்கவா?" என்பாள். சில நாள் அவள் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை அதுதான்.

2021 ஜூன் கடைசியில் சனங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கினார்கள். சோற்றுக்கில்லை, வந்து பாருங்கள் என்று அர்த்தம். ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அந்த ஜூலையில் ஒரு நாள் அக்கா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை மாதிரி) கதவைத் தட்டி, திறக்காமல், மகனை வைத்துப் பூட்டை உடைத்தார். அன்று நடந்ததை எழுதப் போவதில்லை. அவள் பிழைத்தாள், அது போதும். எழுத வேண்டியது வேறொன்று. அவசரப் பிரிவில் என்ன நடந்தது என்று கேட்டபோது நான், "மருந்த தவறி ரெண்டு தரம் சாப்பிட்டுட்டாங்க" என்று பொய் சொன்னேன். தண்டனைச் சட்டம் 309 அன்றைக்கு உயிரோடு இருந்தது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையைக் கோர்ட்டில் நிறுத்துவார்களா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பயந்தேன், பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவளை மனநலப் பிரிவுக்கு அனுப்ப நான்கு நாள் தாமதமானது. நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது 2023 இல். மே மாதம் மக்களவையில் மசோதா நிறைவேறிய செய்தியைத் தமிழ்ப் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் படித்தேன்.

மனநலப் பிரிவில் சொன்னார்கள்: இனி மருந்தை நம்பிக் காத்திருக்க முடியாது, மின்சிகிச்சைதான். எங்கள் ஆட்கள் மொழியில் கரண்டு வைப்பது. கேட்டவுடன் எனக்குச் சினிமாதான் ஞாபகம் வந்தது. கட்டிலில் கட்டிப்போட்டு, அலறல், பல் கடிப்பு. தமிழ்ப் படம் எடுத்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் எத்தனை குடும்பங்களுக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள் என்று ஒருநாள் யாராவது கணக்கெடுக்க வேண்டும். 1938 இல் ரோமாபுரியில் தொடங்கியபோது அது மயக்க மருந்து இல்லாமல் நடந்தது உண்மை. இப்போது முழு மயக்கம், தசை தளர்த்தும் ஊசி. ஒரு கணுக்காலில் மட்டும் பட்டையை இறுக்கி அந்த ஊசி பாதத்துக்குப் போகாமல் தடுப்பார்களாம். வலிப்பு வந்ததா என்று அந்தப் பாதத்தின் துடிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. வலிப்பு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நர்ஸ் சொன்னதை வைத்து எழுதுகிறேன். நான் கதவுக்கு வெளியேதான் இருந்தேன். முகக்கவசக் காலத்தில், மயங்கியவருக்குப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டிய சிகிச்சை என்பதால் அதையும் சுருக்கி வைத்திருந்தார்கள். செப்டம்பரில்தான் முறை வந்தது. வாரம் இரண்டு, மொத்தம் எட்டு.

ஐந்தாவது முடிந்து காரில் வரும்போது அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்து, "இந்தக் கடைல கறிபாப் நல்லாருக்கும்டா" என்றாள். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். இரண்டு வருடத்தில் அவளாகச் சொன்ன முதல் வாக்கியம்.

எட்டும் முடிந்தபின் கணக்கும் வந்தது. ஒருநாள் போனில், "அம்மா கடைசியா என்னடா சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். அம்மா இறந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசி மாதம், பதினாறாம் நாள் காரியம், யார் யார் வந்தார்கள் என்பது எல்லாம் அழிந்திருந்தது. அம்மாவுக்குக் கடைசிக் கஞ்சி ஊட்டியது அவள்தான். அதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டுகளிலும் ஓட்டை விழுந்திருந்தது. மெட்டு அப்படியே இருக்கும், நடுவில் ஓர் அடி வராது. "நோட்ட பாத்துக்கிறேன், விடு" என்றாள்.

டிசம்பர் 17 வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். தாமான் ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதி. மாலையில் அக்கா போன் பண்ணினாள். "தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. நான் கேஸ் தொம்ப மாடிக்குத் தூக்கியாச்சு. அரிசி, மருந்து, தண்ணி எல்லாம் மேல. மக்சிக்கும் பேரனும் இங்கதான் இருக்காங்க. நீ வராதே, ரோடு இல்ல." ஆறு மாதத்துக்கு முன் தானாக எழுந்து குளிக்க முடியாதவள் பேசுகிறாள் இது. அன்றிரவு கரண்டு போனது, பிறகு அவள் போனும் போனது. தெரு முழுக்கச் சனம் கூரைமேல் நின்றதைப் படம் படமாகப் போனில் பார்த்துக்கொண்டு நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அரசாங்கப் படகு வருமுன் யார் யாரோ சொந்தப் படகோடு, மீன்பிடி வள்ளத்தோடு வந்தார்கள். அக்காவையும் மக்சிக்கையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறக்கியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டதுதான் அக்காவுக்கு அந்த வெள்ளத்தில் இருந்த ஒரே வருத்தம் என்று முதலில் நினைத்தேன்.

நோட்டுப் புத்தகம் கீழே அலமாரியில் இருந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியபோது சுவரில் என் தலைக்கு மேலே சேற்றுக்கோடு. அலமாரி குப்புறக் கிடந்தது. நோட்டு மரக்கட்டை மாதிரி ஊதிப்போய், பிரித்தால் தாள் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அச்சிட்ட தேவாரம் எங்கேயும் கிடைக்கும். அந்தச் சிவப்பு மை கிடைக்காது. அக்கா அதை வெயிலில் வைத்தாள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தாள். பிறகு மற்ற குப்பையோடு தெருவில் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை வந்து போட்டுக்கொள்ள வேண்டிய மின்சிகிச்சை வெள்ளத்தில் விட்டுப்போனது. நிவாரண முகாம், வீடு கழுவுவது, உதவித்தொகைப் பாரம் என்று இரண்டு மாதம் ஓடியது. பிப்ரவரியில் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். அப்படித்தான் அந்த ஆகஸ்டில் டாக்டரின் வெள்ளைத்தாளுக்கு வந்து சேர்ந்தோம்.

அவர் வரைந்தது பத்தாவது மண்டை நரம்பு. வேகஸ் என்று பெயர். லத்தீனில் அலைந்து திரிவது என்று அர்த்தமாம். மூளையின் அடித்தண்டில் தொடங்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வீடு வீடாகப் போகும் நரம்பு. மூளை உடம்புக்குக் கட்டளை அனுப்பும் கம்பி என்றுதான் நான் நினைத்தேன். "இல்ல, இதுல நூத்துக்கு எம்பது இழை கீழேருந்து மேல போறது" என்றார் டாக்டர். அப்படியென்றால் செய்தி அனுப்பும் கம்பியைவிடச் செய்தி கேட்கும் கம்பிதான் அதிகம். அந்தக் கேட்கும் வழியாக மூளைக்குள் மெல்லத் தட்டுவதுதான் சிகிச்சை. இடது மார்பில் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி; அதிலிருந்து ஒரு கம்பி கழுத்துக்கு ஏறி இடப்பக்கத்து நரம்பைச் சுற்றிக்கொள்ளும். வலப்பக்கத்து நரம்பு இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தோடு கூடுதல் சொந்தம் உள்ளது, அதனால் அதைத் தொடுவதில்லை. முப்பது விநாடி துடிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி முப்பது விநாடி. ராவும் பகலும். சிக்னல்காரனுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

குரல் ஏன் கெடுகிறது என்பதும் எனக்குப் பிடித்துப்போன விளக்கம்தான். குரல்வளைக்குப் போகும் கிளை நேராகப் போகாது. கழுத்தைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கி, மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. லூப் லைன். மெயின் லைனில் மின்சாரம் விட்டால் லூப் லைனும் சேர்ந்து அதிரும். கரகரப்பு, இருமல், தொண்டையில் இறுக்கம் எல்லாம் அதனால்.

இதெல்லாம் புதுசு இல்லை. 1988 இல் அமெரிக்காவில் வலிப்பு நோயாளி ஒருவருக்கு முதலில் பதித்தார்கள்; 1997 இல் வலிப்புக்கு அங்கே அனுமதி கிடைத்தது. பதித்துக்கொண்டவர்களில் சிலருக்கு வலிப்பு குறைந்ததோ இல்லையோ, மனம் தெளிந்திருந்தது. அதைக் கவனித்துத்தான் 1998 இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மனச்சோர்வு நோயாளிக்கே பதித்துப் பார்த்தார்கள். அக்கா முதன்முதலில் சுவரைப் பார்த்துப் படுத்த அதே வருடம். 2005 இல், நான்கு சிகிச்சையோ அதற்கு மேலோ தோற்றவர்களுக்கென்று அனுமதித்தார்கள். 2007 இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்புறுதி, ஆதாரம் போதாது, காசு தரமாட்டேன் என்று கைவிரித்தது. பத்து வருடம் கழித்து வந்த ஓர் ஆய்வு, 795 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தது: கருவி வைத்தவர்களில் 67.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நல்ல முன்னேற்றம், வைக்காமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 40.9. ஆனால் யாருக்கு என்ன என்று சீட்டுப் போட்டுப் பிரித்த சோதனை அல்ல அது. மெல்லத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட ஆகலாம் என்பதும் எல்லாரும் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் வலிப்புக்கு வைக்கிறார்கள், மனச்சோர்வுக்கென்றால் வெளியே தேட வேண்டும், சொந்தக் காசு என்றார் டாக்டர். அவர் சொன்ன ஏகதேசத் தொகை என் பென்ஷன், அக்காவின் பென்ஷன், வெள்ளத்தில் விலை போகாமல் நின்ற வீடு எல்லாம் சேர்ந்தாலும் எட்டாதது. ஆக, நான் சரி என்று சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. பல மாதம் இந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொண்டேன். ஆனால் டாக்டர் தொகையைச் சொன்னது நான் வேண்டாம் என்ற பிறகுதான்.

இரண்டாம் சுற்று மின்சிகிச்சை அந்த நவம்பரில் நடந்தது. பத்து. அதோடு லித்தியத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அக்கா இந்த முறை பாதி தூரம் வந்தாள். 2023 தைப்பூசத்துக்கு மறுநாள் என் வீட்டில் தங்கியிருந்தபோது என் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தவள், பையில் கிடந்த தாளைப் பிரித்தாள். நான் அதைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னடா இது?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். குரல் போய்விடும் என்பதால் வேண்டாம் என்றேன் என்பதையும்.

அவள் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. சின்ன வயதில் நான் அவள் பென்சிலை எடுத்தால் வரும் அதே முகம். "என்கிட்ட கேட்டியா? நான் அங்கதானே ஒக்காந்திருந்தேன்? கதவுக்கு வெளிலதானே?" என்றாள். "மூணு வருஷமா நான் எங்கடா பாடுனேன்? பாடாத தொண்டைய பத்திரமா வச்சு யாருக்குக் குடுக்கப் போறே? என் தொண்டை என்னோடது. ஒனக்குக் கேக்க வேணும்னு நான் படுத்துக் கெடக்கணுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அக்காவுக்குக் கோபம் வந்து நான்கு வருடமாகியிருந்தது. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, "சிரிக்காதே" என்று இன்னும் கத்தினாள். மூன்று நாள் பேசவில்லை. கிள்ளானுக்குத் தானே கொமுட்டர் ஏறிப் போனாள்.

நான்காம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன். "படிச்சேன்டா" என்றாள். ஆசிரியை அல்லவா, சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தனை வைத்து அந்தக் கருவியின் கையேட்டை இறக்கி, அகராதியோடு உட்கார்ந்திருக்கிறாள். "இதுக்கு ஒரு காந்தம் குடுக்கிறாங்க. நெஞ்சில வச்சா மிஷின் நிக்குமாம். எடுத்தா மறுபடி ஓடுமாம். பாடப் போறவங்க, மேடைல பேசப் போறவங்க அந்த நேரத்துக்கு வச்சுக்கலாம்னு போட்டிருக்கான்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அத நீ டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அதற்குப் பின் இந்த விஷயத்தில் அவள்தான் டாக்டர், நான் கம்பவுண்டர். சொந்தக்காரப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார்கள்: ஐஸ் தண்ணியில் முகம் வைத்தால் வேகஸ் நரம்பு தூண்டப்படும், ம்ம்ம் என்று ரீங்காரம் செய்தால் தூண்டப்படும், மனச்சோர்வு பறந்துவிடும். அக்கா ஒரு குரல் பதிவில் பதில் போட்டாள்: "நாப்பது வருஷமா தெனம் ஓதுறேன்மா. எனக்கு வந்துச்சே." காதில் கிளிப் மாட்டித் தோல்வழியாக அதே நரம்பின் கிளையைத் தூண்டும் கருவியும் இருக்கிறது, அதை மட்டும் அவள் கேலி செய்வதில்லை. ஆதாரம் இன்னும் சின்னது, பார்ப்போம் என்பாள்.

மெடிகேர் 2019 இல் ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தது: பெரிய சோதனை ஒன்றை நடத்திக் காட்டுங்கள், அதில் சேர்பவர்களுக்குக் காசு தருகிறோம். ரெக்கவர் என்று அதற்குப் பெயர். கிட்டத்தட்ட 500 பேர். எல்லாருக்கும் அறுத்துக் கருவியைப் பதித்து, பாதிப் பேருக்கு மட்டும் ஓடவிட்டு, மீதிப் பேருக்குச் சும்மா வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். முடிவு 2024 இல் வந்தது. முதன்மையான அளவுகோலில் இரு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை, ஓடாத கருவி வைத்திருந்தவர்களும் நிறையத் தேறியிருந்தார்கள். வேறு சில அளவுகோல்களில் ஓடியவர்கள் முன்னால் இருந்தார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லத் தயங்கினேன். நம்பிக்கையை உடைப்பானேன் என்று. பழைய புத்தி. அவள் எனக்கு முன்பே படித்திருந்தாள். "ஓடாத பொட்டிய வச்சுக்கிட்டு ஒரு வருஷம் மாசாமாசம் ஒருத்தர் ஒக்காந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, யாருக்கும் கொஞ்சம் தேறத்தான் செய்யும்" என்றாள். அது ஆய்வாளர்களின் கருத்து இல்லை, அக்காவின் கருத்து. நம் ஊரில் பத்து நிமிடத்தில் ஐந்து பேரைப் பார்க்க வேண்டிய டாக்டரிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது என்றும் அவளே சொன்னாள். 2023 இன் தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 4.6 சதவீதம், 2019 இல் 2.3. நான்கு வருடத்தில் இரட்டிப்பு, ஏறக்குறையப் பத்து லட்சம் பேர். எங்கள் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அதே எண்ணிக்கைதான்.

இப்போது அக்கா தாமான் ஸ்ரீ மூடா வீட்டில்தான் இருக்கிறாள். விற்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். கீழே அலமாரி எதுவும் வைப்பதில்லை; எல்லாம் மாடியில். நல்ல வாரமும் உண்டு, கெட்ட வாரமும் உண்டு. கெட்ட வாரத்தில் முன்பு போல நான் பேசிக்கொண்டே இருப்பதில்லை. போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நல்ல வாரத்தில் சமய வகுப்புக்குப் போகிறாள். பாட்டில் விட்டுப்போன அடிகளைப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறாள். எங்கே மூச்சு விடுவது என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. பெரியவர் சொன்ன இடம் மறந்துபோன இடங்களில் தனக்குத் தோன்றிய இடத்தில் விடுகிறாளாம்.

போன வாரம் போயிருந்தேன். குளிர்பெட்டிக் கதவில், பத்து மலை முருகன் படம் போட்ட காந்தத்தால் அடுத்த அப்பாயின்மெண்ட் அட்டையையும் ஒரு கோடு போட்ட தாளையும் சேர்த்து ஒட்டியிருந்தாள். தாளில் ஆசிரியைக் கையெழுத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், ஏழு. லித்தியம் ரத்தப் பரிசோதனை எப்போது, கை நடுக்கத்துக்கு என்ன, காது கிளிப் இங்கே யாரும் செய்கிறார்களா என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழாவதின் கீழே கோடு இழுத்து, தனியாக ஒரு வரி: தம்பி வெளியே உட்காரட்டும்.

பதினாலாம் தேதி, காலை எட்டு மணி. கார் நான்தான் ஓட்ட வேண்டும்.